நாலு விரல் முன்னுக்கு

பெயாட் லூத்தி ஆறடி நாலு அங்குலம்.
அவன் தனக்கென்று கட்டிய பக்கி வண்டி
எமெந்தாலில் ஒரு மாட்டுக்கொட்டிலுக்குள்
சில்லில்லாமல் மரக்கட்டைமேல் கிடந்தது.
எண்ணூறு பிராங்க். பேரம் பேசவில்லை.
பேசியிருக்கலாம் என்று வ்ரேனி இன்றைக்கும் சொல்கிறாள்.

பழைய வொக்ஸ்வாகன் அடித்தட்டு.
தண்ணீர்க் குழாயில் வளைத்த கூடு;
குழாய் உயிர் காக்காது, அது எப்படியும் போகவேண்டியது.
பின்னால் எஞ்சின். முன்னால் ஒன்றுமில்லை,
காற்றும் இரண்டு லைற்றும்.

நான் பஸ் டிப்போவில் பிரேக் பார்ப்பவள்.
வ்ரேனிக்கு பேக்கரியில் இரவு ஷிஃப்ட்.
இரண்டு பேருக்கும் பொதுவாய் வாய்த்தது
வியாழன், ஆறு மணியிலிருந்து ஒன்பதே கால்.

பிரித்தபோதுதான் ஆளைத் தெரிந்தது.
ஒட்டு என்பது கையெழுத்து.
இடது பின்கையில் மீன் செதிலாய் அடுக்கடுக்காய்:
அன்றைக்கு அவனுக்கு நேரம் இருந்திருக்கிறது.
கதிரைக்குக் கீழே காக்காய் எச்சம்:
யாரோ சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள்,
இல்லையென்றால் சண்டை.
அதை அரைத்தெடுக்கையில்
ஒரு தாம்பத்தியத்துக்குள் கை வைத்ததுபோலக் கூசியது.

பற்றவைத்தல்.
அடுப்புக்கும் அதே சொல், இரும்புக்கும் அதே சொல்,
அயலட்டையில் கலகத்துக்கும் அதேதான்.
வ்ரேனிக்குச் சொன்னேன்.
முகமூடியைத் தூக்கிச் சிரித்துவிட்டு
மூன்றாவதில் நீ எப்படி என்று கேட்டாள்.

பெடலுக்கு என் கால் எட்டவில்லை.
தலையணை வை என்றாள்.
பிறருக்கு அளவெடுத்த கதிரைகளில்
நுனியில் இருந்த காலம் போதும் என்று
தண்டவாளத்தை வெட்டினேன்.
நாலு விரல் முன்னுக்கு.
அதனால் ஸ்டியரிங் தண்டு குறைந்தது.
தண்டு குறைய மூட்டு இடம் மாறியது.
மூட்டுக்காக பெற்றோல் டாங்கி,
டாங்கிக்காகப் புதுக் கூடு முழுதும்.
ஒரு குட்டைப் பெண் குந்துவதற்கு
வண்டியே எழும்பி இடம் விடவேண்டியிருந்தது.
பதினாலு மாதம்.
நடுவில் ஒருமுறை கார்புரேட்டரை
சமையலறை சிங்கில் கழுவி
வீட்டில் மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை.

இந்த நாட்டில்
பாதை இல்லாத இடம் தேடுவதுதான் பெரும்பாடு.
மாடு ஏறத் தயங்கும் மேட்டிலும் மஞ்சள் பலகை,
உச்சிக்கு இன்னும் ஐம்பது நிமிடம் என்று.
கடைசியில் கிடைத்தது மூடிய சரளைக் குழி ஒன்று,
மாதத்தில் ஒரு சனிக்கிழமை,
பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை சத்தம் கூடாது.

சொல்லாமலே வந்து நின்றான் பெயாட்.
முதுகுக்குள் இரண்டு தகடு, ஆறு ஆணி.
வண்டியைச் சுற்றி நடந்தான்.
குனிய முடியாததால்
கைக்கெட்டிய என் ஒட்டு ஒன்றில் பெருவிரல் வைத்து
மெல்ல ஓட்டிப் பார்த்தான்.
பரீட்சைப் பிள்ளைபோல நான் நிற்கவில்லை.
சரி, கொஞ்சம் நின்றேன்.

ஏறப் பார்த்தான். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.
மற்றப் பக்கத்தால் பார்த்தான். அங்கும் இடித்தது.
இரண்டு கையாலும் கூட்டைப் பிடித்துக்கொண்டு
பேர்ண் ஜெர்மனில் நீளமாய் என்னவோ சொன்னான்.
உன் அளவுக்குத் தைத்த சட்டை
என்று எனக்கு விளங்கியது.
அப்படியில்லை என்றாள் வ்ரேனி,
எப்படி என்று சொல்லவில்லை.

பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம்.
இரண்டாம் கியர். சரிவு.
பின்சில்லு சரளையை அள்ளி எறிய
குடல் தொண்டைக்கு வந்தது.
மேட்டின் விளிம்பில்
நாலு சில்லும் நிலத்தை விட்ட அந்தத் துளிப் பொழுதில்
உலகம் முழுதும் மௌனம்,
அதற்குள் வலப்பக்கம், முன்னால்,
கிண் என்று
எதுவோ கழன்றது.

வியாழன், ஆறு மணி.