ஒரு பக்கக் காசு

மின்விசிறியை நிறுத்தச் சொல்கிறார் கோ.
மூச்சையும் கொஞ்சம் பிடி என்கிறார்.
ஸ்வாபியாக் காசுக்கு ஒரு தும்மல் போதும்,
பிராஸ் பசா காம்ப்ளெக்ஸின் மின்படியில் இறங்கி
பழைய புத்தகக் கடைவரை போய்விடும்.

கோ என்றால் எங்கள் மொழியில் அரசன்
என்று ஒருமுறை சொன்னேன்.
வாடகை கேட்டு வருகிறவனிடம் சொல் என்றார்.

வெங்காயச் சருகின் கனம்.
ஒரு பக்கம் மட்டும் அடித்தது.
முன்னால் வீங்கிய கன்னம், கையில் பூவோ செங்கோலோ;
திருப்பினால் அதே ஆள் குழியாக,
மூக்கிருந்த இடத்தில் பள்ளம்.
பெயர் கிடையாது.
சீட்டில் என் கையெழுத்து:
கோமகன். எவரென்று தெரியவில்லை.

தெரிந்தது கொஞ்சம்தான்.
அந்நாட்டுக் கோமகன் ஒருவன்
தாயை மணந்த பேரரசனை எதிர்த்துக்
கருங்காட்டில் மடிந்தான்.
வெகுகாலம் கழித்து ஒரு பையன்,
பதினாறு வயது,
நேப்பிள்ஸ் சந்தைத் திடலில் தலையைக் கொடுத்தான்.
பிறகு கோட்டைக்கொருவர், மடத்துக்கொருவர்,
நாடு சில்லறையாக மாறிப்போயிற்று.

ஆட்கள் இருந்தவரை
காசை அவ்வப்போது திரும்ப அழைப்பார்கள்.
பழசு நான்கு கொடு, புதுசு மூன்று வாங்கு.
குறைந்த அந்த ஒன்றுதான் வரி.
போனதெல்லாம் உருகிற்று.
அப்படியென்றால் என் கண்ணாடிப் பெட்டியில் இருப்பது
சொல் கேளாத எவளோ ஒருத்தி
அடுப்புக் கல்லுக்கடியில் செருகி
அப்புறம் மறந்தோ செத்தோ போனது.
அவளுக்குச் சீட்டில் இடமில்லை.
எழுதிப் பார்த்தேன், கோ அடித்துவிட்டார்.

செவ்வாய் மதியம், ஓய்வு நாள்,
147ஆம் எண் பேருந்து ஓட்டும் இரத்தினவேலு வந்தார்.
"இவன் அந்தப் பையனா?"
"தெரியாதுண்ணே."
ஆமாம் என்றிருந்தால் ஐந்நூறு சொல்லியிருக்கலாம்;
கோ என்னை முறைத்தார்.

விரல்நுனியில் வெகுநேரம் ஏந்தியிருந்தார்.
அவர் மகன் தெக்கோங் தீவில்,
மொட்டையடித்து ஒன்பது நாள்.
அதைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை,
காசின் குழிந்த பக்கத்தை மட்டும்
பெருவிரலால் ஒருமுறை மூடித் திறந்தார்.

முந்நூற்றிருபது வெள்ளி எண்ணி வைத்தார்
ஒரு துளி வெள்ளிக்கு.

இன்னேரம் ஹவ்காங் போகும் வண்டியில்
இன்னொருவர் ஓட்ட,
சட்டைப் பையில் ஈசிலிங்க் அட்டையோடு ஒட்டிக்கொண்டு
நின்றபடியே போவார் கோமகன்.

விசிறியைப் போட்டேன்.
மேசையிலிருந்த சீட்டு பறந்தது.