எண்ணிக்கை

கோடைப் பயிற்சியில் எனக்கு வாய்த்தது
அரிட்டாபட்டி மலை, பதினேழு பிள்ளைகள்,
அரியலூரிலிருந்து துணியில் சுற்றி வந்த
ஒரே ஒரு நத்தைக்கல்.

"இந்த மலையில எலும்பு எங்கக்கா?"
இல்லை.
எலும்பென்று ஒன்று உண்டாகுமுன்னே
வெந்து முடிந்த பாறை இது.

"அப்ப சும்மாக் கல்லு"
என்றான் முத்தீசுவரன்.

மதியம் வற்றிய கண்மாய் வழியே திரும்பினோம்.
வெடித்த சேற்றில் கொக்கின் காலடி,
முன்னே மூன்று விரல், பின்னே ஒன்று.
"இது ஆகுமா?"
ஆகலாம்,
ஒரு கோடி வருசம் யாரும் மிதிக்காவிட்டால்.

சுற்றி நாலு கல் ஊன்றினான்.

மறுநாள் வண்டல் அள்ள டிராக்டர் வந்திருக்கிறது.
நேரே வந்த சக்கரத்தடம்
அந்த இடத்தில் மட்டும் வளைந்து போயிருக்கிறது.

வாரக் குறிப்பில்
'காட்டிய புதைபடிவங்கள்' என்ற கட்டத்தில்
மூன்று என்று போட்டேன்.