இரண்டும் இடது

அட்டைக்குப் பயந்துதான் வாங்கினேன்.
அட்டைப் பெட்டியில் வந்தது.
முழங்கால் வரைக்கும் ஏறும் கறுப்பு பூட்ஸ்,
மூவாயிரத்து நானூற்றைம்பது,
பொருள் கைக்கு வந்ததும் காசு.

கூரியர் பையன் லயத்துக்கு வருவதில்லை.
ஃபெக்டரி முடக்கில் நின்று ஹாரன் அடித்தான்.
காசை இரண்டு தரம் எண்ணிவிட்டுத்தான்
பெட்டியை விட்டான்.
நல்ல மழை. பிரித்துப் பார்க்க ஏது இடம்.

காம்பராவில் பிரித்தேன்.
ஒன்றைப் போட்டேன், அளவு சரி.
மற்றதைப் போட்டேன்,
கால் வேறெங்கோ போகப் பார்த்தது.

கடையின் நம்பருக்கு எடுத்தேன்.
தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது.
அழுத்தினேன், சிங்களத்தில் ஒருத்தி வந்தாள்.
'தெகம வம' என்றேன்.
அந்தப் பக்கம் சத்தமில்லை.
ஏதோ கட்சிக்காரி என்று நினைத்தாளோ என்னவோ.
பிறகு கேட்டாள்:
பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா?
பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருக்கிறீர்களா?

பிரிக்காத பெட்டிக்குள்
இரண்டும் இடதென்று
எந்தக் குறிகாரன் வந்து சொல்வான்?

ஏழு நாளுக்குள் திருப்பலாமாம்.
படத்துக்குக் கீழே எறும்பெழுத்தில் இருக்கிறது.
போனில் படிவம் திறந்தால்
வீட்டு இலக்கம், வீதியின் பெயர்.
ஏழாம் லயம், நாலாம் காம்பரா, கீழ் டிவிசன்
என்று போட்டால் கட்டம் சிவந்துவிடுகிறது.
விற்கிறபோது மட்டும் வழி தெரிந்திருந்தது.

'ஒரு காலையாவது அட்டை கடிக்காது,
அது லாபம்தானே' என்கிறாள் பக்கத்து நிரைத் தெய்வானை.

சிரித்துவிட்டு நிறுவைக்குப் போனேன்.
தண்ணிக்கு இரண்டு கிலோ கழிந்தது.
சாக்குக்கு ஒன்று.
முற்றல் கிடக்கிறது, கொட்டிப் பொறுக்கு என்றார் கணக்கப்பிள்ளை.
பொறுக்கினேன்.
கொட்டியதை வீடியோ எடுத்தீர்களா என்று
நான் கேட்டேனா?
வாங்குகிறவருக்கு எவ்வளவு உரிமை இருக்கிறதென்று
இருபத்தொரு வருசமாய்
தினமும் இரண்டு வேளை
எனக்குப் படித்துக் கொடுத்திருக்கிறார்கள்.
நான் வாங்குகிறவளாய் நின்றது
இந்த ஒரு தரம்.

ஆறாம் நாள் போனில் செய்தி:
பணம் உங்கள் வாலட்டில் போடப்படும்,
எங்கள் கடையிலேயே வேறு பொருள் எடுக்கலாம்.

தெரியும் இந்தக் கணக்கு.
தோட்டக் கடைப் பற்றுப் புத்தகத்துக்கு
புதுசாய் உறை போட்டிருக்கிறார்கள்.
ரொக்கமாய்க் கொடுத்தேன், ரொக்கமாய்த் தா
என்று தட்டி அனுப்பினேன்.
நீலமாய் இரண்டு கோடு விழுந்தது.
அவ்வளவுதான்.

மஸ்கெலியாவில் ஏறி, அட்டனில் மாறி
நுவரெலியாவில் இறங்கினேன்,
மடியில் இரண்டு இடது.
பாவனையாளர் முறைப்பாடு எந்த அறையில் என்று
மூன்று அறையில் கேட்டு
நாலாவதில் மேசைமேல் வைத்தேன்.
அதிகாரி சிரித்தார்.
என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.
தமிழில் ஒரு தாள் தந்தார்.

முழுப் பெயர் என்றிருந்தது.
கிலோ குறைந்தால் மலையில் எனக்கு அரைப் பேர்,
இன்று வராததற்குப் பேரே இல்லை.
கருப்பண்ணன் தவமலர் என்று
கட்டத்துக்கு வெளியே போகும்படி எழுதினேன்.
முகவரியில்
ஏழாம் லயம், நாலாம் காம்பரா, கீழ் டிவிசன்.
தாள் சிவக்கவில்லை.

கடைக்காரரைக் கூப்பிட்டு விசாரிப்போம்,
ஒரு மாதம் ஆகலாம், கூடவும் ஆகலாம் என்றார்.
பூட்ஸ் சாட்சி, பத்திரமாய் வையுங்கள், போடக்கூடாது.

இருட்டோடு வந்து இறங்கினேன்.
ரசீது நனையாமல் சட்டைக்குள்.
ஃபெக்டரி முடக்கிலிருந்து குறுக்குப் பாதை,
செருப்பு வழுக்கியது.
அட்டை ஏறியது,
இரண்டு காலிலும்.