மரக்காது

உலர்ந்து கிடக்கையில் அது
எரிந்த காகிதத் துண்டு.
நூறு கிராம் ஆறு வெள்ளி
ஜெலுத்தோங் பசாரில்,
கருவாட்டுக் கடையை ஒட்டி.

வெந்நீரில் அரை மணி நேரம்.
மடல் மடலாய், நரம்போடு,
காதாகிறது.
யாருடைய காது?
மரத்துடையது என்கிறார்கள் சீனர்.

என் நெஞ்சுக்குள் ஓர் உலோகக் கதவு
திறந்து மூடுகிறது, நான்கு ஆண்டாய்.
"கடிகாரத்தோட படுத்திருக்கேன்" என்பாள் வைதேகி.
கதவில் ரத்தம் உறையாதிருக்க
தினம் ஒரு நீல மாத்திரை.

மாத்திரையைப் பற்றி நான் சொல்லவில்லை
பன்னிரண்டாம் மாடி ஆ குவானிடம்.
நெஞ்சு ஆப்பரேஷன் என்று மட்டும் கேட்டவன்
மூடி போட்ட மங்கில் சூப்போடு வந்தான்.
மரக்காது, சிவப்புப் பேரீச்சை,
மூன்று வில்லை இஞ்சி.
"குடி. ரத்தம் தண்ணியா ஓடும் லா."
அவன் அப்பா
எண்பத்தெட்டு வயதுவரை குடித்தாராம்.

வைதேகி அதை மிளகு தூக்கலாய் வறுத்தாள்.
தனக்கென்று ருசி இல்லை அதற்கு,
சத்தம் மட்டும்தான்:
நறுக், நறுக்.
மசாலா சொல்வதையெல்லாம்
கேட்டு வைத்துக்கொள்ளும்.

மூன்றாம் வாரம்
பல் தேய்த்த நுரை சிவந்தது.
முழங்கையில்
மங்குஸ்தான் தோல் நிறத்தில் ஒரு திட்டு.
எங்கும் இடித்துக்கொண்ட ஞாபகமில்லை.

மருந்தாளுநர் புனிதமலர்
விரலில் குத்திப் பார்த்தார்.
மூன்றரையைத் தாண்டக் கூடாத எண்
ஐந்து புள்ளி எட்டு.
பூண்டு மாத்திரையா? இல்லை.
நாட்டு மருந்தா? இல்லை.
பொய்யில்லை அது.
சூப்பை யார் மருந்தென்று நினைப்பார்கள்?
"காளான்" என்றாள் வைதேகி.
பேனா நின்றது.

"மாத்திரை செய்யிற வேலையத்தான்
அதுவும் செய்யுது. ரெண்டும் சேந்தா..."
முடிக்கவில்லை அவர்.
"வீட்ல மத்தவங்க சாப்பிடலாம்.
ஆனா நாள் கணக்கா ஊறவிடாதீங்க.
அதுல வர்ற நஞ்சு
கொதிச்சாலும் போகாது."

நானும் வைதேகியும்
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
சனிக்கிழமை ஊறப்போட்ட கிண்ணம்
அடுப்படியில் இருந்தது.
அன்று செவ்வாய்.

கையுறை போட்டுக்கொண்டு கொட்டினாள்.
வழவழப்பு. ஒரு மாதிரி வாடை.
கிண்ணத்தையும் சேர்த்தே எறிந்தாள்,
அவள் அம்மா வீட்டுக் கிண்ணம்.

மாலை, மங்கோடு ஆ குவான்.
எப்படிச் சொல்வதென்று தெரியாமல்
நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.
"உள்ளே கதவு இருக்கு. சத்தம் வரும்."
நம்பவில்லை.
விசிறியை அணைத்துவிட்டு
குனிந்து காதை வைத்தான்.
வெகு நேரம் வைத்திருந்தான்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு
என் பங்கையும் அவனே குடித்தான்,
நறுக், நறுக்கென்று,
என்னைப் பார்க்காமல்.