சட்டியும் அகப்பையும்

கயானிக்கு வடக்கே, கைவிட்ட சரளைக்குழியில்
கோடையில் மாதம் இரண்டு ஞாயிறு எங்கள் பந்தயம்.
விதி எளியது: எந்தக் காரும் இரண்டாயிரம் யூரோ.
ஓடி முடித்த காரை யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.
கேட்பவர் பலரானால் சீட்டு.
கொடுக்க மறுத்தால் உரிமம் போச்சு.
அதனால் யாரும் எஞ்சினில் பொன்னை உருக்கி ஊற்றுவதில்லை;
ஊற்றினால் அடுத்தவன் கொட்டகையில் மின்னும்.

சீட்டு டப்பாவைக் குலுக்குபவள் நான்.
காப்பித்தூள் டப்பா, இன்னும் வாசம் போகவில்லை.
மற்ற நேரம் கையில் டார்ச்,
முதுகுக்கு அடியில் ஓர் அட்டை,
முகத்துக்கு மேலே ஒவ்வொருவர் காரின் வயிறு.

வெய்யோ தொலோனென் என்றாலே
எங்களுக்குப் புகைதான் நினைவு.
முதல் வருஷம் ஹெட் கேஸ்கெட், இரண்டாம் சுற்றில்.
அடுத்த வருஷம் கனெக்டிங் ராடு
பிளாக்கைப் பிளந்து எட்டிப் பார்த்தது,
தூக்கத்தில் போர்வைக்கு வெளியே உதைத்த
குழந்தையின் கால் மாதிரி.
மூன்றாம் வருஷம் பேரிங்.
எல்லாம் அந்த இடது வளைவில்.
முழங்கைபோல் சட்டென்று மடங்காது அது,
அரிவாள்போல் நீண்டு வளையும்.
வளைந்து முடிப்பதற்குள் எண்ணெய் முழுக்க
வலப்பக்கம் ஒதுங்கிவிடும்.
சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?
சட்டியில் இருந்தது.
அகப்பைக்கு எட்டவில்லை.

நாலாம் வருஷம் அதே வெளுத்த மைக்ரா
ஆறு பந்தயம் ஓடியது.
ஜெயிக்கவில்லை. மூன்றாவது, நாலாவது,
ஒருமுறை மழையில் இரண்டாவது.
ஆனால் ஒவ்வொரு மாலையும்
தன் சக்கரத்திலேயே டிரெய்லர் ஏறியது.
எல்லோரும் பார்த்தார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் அதற்குப் பதினான்கு சீட்டு.
கோப்பை வாங்கிய காருக்கு மூன்றுதான்.
குலுக்கினேன். பிர்க்கோ மொய்லானென்,
பால் லாரி ஓட்டுபவள்.
வெய்யோ பணத்தை எண்ணவில்லை.
இருக்கைக்கு அடியில் கிடந்த கையுறையை எடுத்துக்கொண்டு
ஏதோ சொல்ல வாய் திறந்து
அப்படியே மூடிக்கொண்டான்.

பிப்ரவரியில் பிர்க்கோ போன் செய்தாள்.
"எண்ணெய்ச் சட்டியைக் கழற்றினேன்.
உள்ளே ஒரு தடுப்புத் தகடு.
சவுனா அடுப்புக் கதவை வெட்டிப் பற்றவைத்த மாதிரி இருக்கிறது.
இருக்கலாமா?"
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
விதிப்புத்தகம் மேசைமேல். திறக்கத் தேவையில்லை.
கம்பெனி வைத்ததுதான் எஞ்சினுக்குள் இருக்க வேண்டும்.
வேகத்துக்கான திருட்டு, பிழைப்பதற்கான திருட்டு என்று
அதில் இரண்டு பத்தி கிடையாது.
"எடுத்துவிடு" என்றேன்.
"ஒட்டி நன்றாகத்தான் இருக்கிறது" என்றாள்.
பிறகு, "சரி."

ஜூனில், நாலாம் சுற்றில், இடது வளைவில்
உரலில் ஆணியைப் போட்டு இடிக்கிற சத்தம்.
அதன் பிறகு சத்தமில்லை.

தான் சீட்டில் எடுத்த ஃபியட்டை நிறுத்திவிட்டு
வெய்யோதான் கயிற்றோடு போனான்.
கொக்கியை மாட்டும்போது பிர்க்கோ கேட்டாள்,
ஏன் அன்றே சொல்லவில்லை.
"சொன்னால் நீயும் தெரிந்தவள் ஆகிவிடுவாய்"
என்றான் அவன்,
முடிச்சை இறுக்கிக்கொண்டே.

தெரிந்தவள் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்,
கையில் கொடியோடு.
போன ஜூலையில், சோதனை நாளில்,
அந்த மைக்ராவின் அடியில் படுத்துப் பார்த்தபோது
வயிறெல்லாம் சேறும் துருவும்.
சட்டியின் போல்ட்டுகள் மட்டும்
நேற்றுத் திருகியதுபோல் பளிச்சென்று இருந்தன.

டார்ச்சை அணைத்தேன்.
வெளியே வந்து, முதுகைத் தட்டிவிட்டு,
சரி பார்த்தாயிற்று என்று கையெழுத்துப் போட்டேன்.