ஆரஞ்சு நிற ஒயர்

வாலிநோக்கம் விலக்குக்குக் கொஞ்சம் முன்னால்
உப்பளத்துக் கரையில்
ஒரு கோடியே பத்து லட்சம்
நின்றுபோயிருந்தது.

சிக்கலிலிருந்து எக்ஸெல்லில் போனேன்.
மல்டிமீட்டரும் ஜம்பர் ஒயரும்
என் பெண்டாட்டி காய் வாங்கும் பையில்.
மணி பத்தேகால், சித்திரை, காற்றே இல்லை.

"மஞ்சளா ஒண்ணு எரிஞ்சுச்சுண்ணே,
அப்புறம் சிவப்பா.
அப்புறம் எதுவுமே எரியல."
டிரைவர் பெயர் வழிவிட்டான்.
பின்னால் உப்பு லாரிக்காரன்
விடாமல் ஆரன் அடித்துக்கொண்டிருந்தான்.

கதவு திறக்கவில்லை.
சாவி என்று கொடுத்தது கூழாங்கல் மாதிரி இருந்தது.
அதன் வயிற்றுக்குள் நிஜச் சாவி ஒன்று உண்டென்று
மூன்று வருசம் ஓட்டியவனுக்குத் தெரியாது.
உருவிக் காட்டினேன்.
பிரசவம் பார்த்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

அடியில் படுத்திருப்பது நானூறு வோல்ட்.
அதை எழுப்பப் பன்னிரண்டு வோல்ட் வேண்டும்.
சின்னது செத்தால்
பெரியது உயிரோடு இருந்தும் பிணம்.
"முதலாளி வீட்லயும் அப்படித்தாண்ணே" என்றான்.
விளக்கம் கேட்கவில்லை நான்.

பின்சீட்டை மடித்து ஊர்ந்துபோனேன்.
டார்ச்சுக்கு முன்னால்
மூக்கு கண்டுபிடித்துவிட்டது.
சீலா.
ஐஸ் உருகிய தண்ணி.
தெர்மாகோல் பெட்டியின் மூலையில்
சுண்டுவிரல் நுழையும் ஓட்டை,
டேப் ஒட்டி உரிந்த தடம்.

வெள்ளிதோறும் மதுரைக்கு ஒரு மீன் போகும்,
ஓர் அதிகாரி வீட்டுக்கு.
இறால் கம்பெனி பாக்கியநாதன் முதலாளியின்
ஏதோ ஒரு கோப்பு
அந்த வீட்டில் நீந்திக்கொண்டிருக்கிறது.

கார்ப்பெட்டைத் தூக்கினால்
கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறது.
எங்கள் பக்கத்தில் உப்பு
ஜன்னல் கம்பியைத் தின்னும், போட் எஞ்சினைத் தின்னும்,
கோயில் மைக்செட்டைத் தின்னும்.
விலை கேட்டுவிட்டா தின்னும்?

பக்கத்திலேயே ஆரஞ்சு நிற ஒயர்,
கட்டைவிரல் பருமன்.
அதைத் தொட்டால் கத்த நேரம் இருக்காது என்று
இரண்டு நாள் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.
இருட்டில் சாரை எது, விரியன் எது என்று
நின்று பார்ப்பவன் உண்டா?
கையை எடுத்துக்கொண்டேன்.

ஜம்பர் கொடுத்ததும்
எல்லாம் ஒரு நொடி விழித்தது.
கண்ணாடிகள் காது விரித்தன.
ஒரு பெண்குரல்
முதலாளி பெயரைத் தப்பாய் உச்சரித்து வரவேற்றது.
கீழே எங்கோ டக், டக்.
பிறகு உப்பளம் மட்டும் வெளிச்சமாய் இருந்தது.

வழிவிட்டான் பெட்டியோடு இறங்கி நடந்தான்.
நான் டார்ச் பிடித்தேன்,
வழி தெரியட்டும் என்று.
வாய்க்காலில் 'தொப்' என்று கேட்டது.
மீன்?
மீன் என் பைக்குள் வந்துவிட்டது.

நாலாம் நாள் மதுரையிலிருந்து மதிப்பீடு:
பதினாறு லட்சத்து நாற்பதாயிரம்.
காரணம், வெளித்திரவம்.
வாரண்டியில் வராது.

முதலாளி போனில் கேட்டார்:
"பெட்டின்னு எதையாச்சும் பாத்தியா?"
"எந்தப் பெட்டி முதலாளி?"
"அதான்."
கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மூச்சுவிட்டோம்.
"மழைத்தண்ணி ஏறிடுச்சுன்னு சொல்லிரு.
இன்சூரன்ஸ்காரன் வருவான்."

வந்தவர் இளவயசு, கும்பகோணத்துப் பக்கம்.
குடையில்லாமல் ரோட்டோரம் நின்று
இந்தப் பக்கம் வெள்ளை வெள்ளையாய்க் குவிந்த உப்பை,
அந்தப் பக்கம் வெடித்த கண்மாயை,
வேலிக்கருவையில் தொங்கிய பாலித்தீனைப் பார்த்தார்.
"மழையா?" என்றார்.
"ஆமா சார்."
"இங்கயா?"
"ஆமா சார்."
எழுதிக்கொள்ளவில்லை.
சிரிக்கவும் இல்லை.
தண்ணி பாட்டில் எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டார்.

இந்த வெள்ளி மீன்
அரசு பஸ்ஸில் போனது, வழிவிட்டான் மடியில்,
லக்கேஜ் டிக்கெட் போட்டு.
கண்டக்டர் ஓட்டையில் காகிதம் அடைக்கச் சொன்னாராம்.

எனக்கு வரவேண்டிய அறுநூறு ரூபாயை
ஞாபகப்படுத்தலாமா என்று
ரெண்டு தடவை போனை எடுத்து வைத்துவிட்டேன்.
நல்ல மீன்தான் அது.
நாலு கிலோ இருக்கும்.