கடன் புத்தகத்தில் என் பெயர்

பாடாங் செராயில் பஸ் நிற்குமிடத்துக்குப் பின்னால்
டயர் கடைக்கும் பல் கட்டும் கடைக்கும் நடுவில்
பெயர்ப்பலகை இல்லாத கதவு.
உள்ளே ஆறு மேசை. ஒன்றுக்கு ஒரு கால் குட்டை.
அடியில் மடித்துச் செருகிய சிகரெட் பெட்டியை
யாரும் மாற்றியதில்லை,
மேசை வளர்ந்தால்தானே.

இதற்கு முந்தியது எஸ்டேட்டுக்குள் இருந்தது,
கம்பெனிக் கள்ளுக்கடை.
சனிக்கிழமை கிராணி எண்ணித் தந்த சம்பளம்
ஞாயிறு பொழுது சாய்வதற்குள்
வந்த வழியே திரும்பி நடந்து போகும்.
குடித்தவன் மறுநாள் பிரட்டுக்கு நின்றால் போதும் என்று
துரை கணக்குப் போட்டிருந்தான்.
என் அம்மா அந்தக் கூரைமேல் கல் எறிந்தவள்.
பெண்கள் பதினொரு பேர். தகரத்தில் விழுந்தது ஒன்பது கல்.
"மிச்ச ரெண்டு பேரு புருசனப் பாத்து எறிஞ்சாளுங்க" என்பாள்.

கள்ளுக்கடையை மூடினார்கள். தாகத்தை மூடவில்லை.
கித்தா சாய்ந்து செம்பனை வந்தது,
லயத்துச் சனம் அடுக்குமாடி ஏறியது,
டவுனில் கிம் ஹோ ஷட்டரைத் தூக்கினார்.
சம்சு விற்றார். அதில் செத்தவர்களை
நான் மறைக்கப் போவதில்லை.
பெரியான் மகன் இருபத்தாறு வயதில்
மஞ்சள் கண்ணோடு போனான்.
அதன்பின் கேட்டவர்களுக்கெல்லாம்
"ஸ்டாக் இல்லை" என்றார் கிம் ஹோ,
பதினெட்டு வருஷமாக.

நான் செம்பனை ஆலையின் எடைமேடையில் கணக்கெழுதுபவள்.
பாரத்தோடு ஒரு தடவை, வெறும் லாரி ஒரு தடவை,
நாள் முழுக்கக் கழித்தல்.
ஆறரைக்கு வந்து சுவரைப் பார்த்த நாற்காலியில்
ஒரு ஸ்டவுட், ஒரு தட்டு கச்சான்.
முதல் வாரம் எல்லாக் கண்ணும் என் மேல்.
இரண்டாம் வாரம் பாதி.
மூன்றாம் வாரம்
யாரோ மின்விசிறியை என் பக்கம் திருப்பினார்கள்.
அதோடு சரி, இருபது வருஷம்.

போன சீனப் பெருநாள் கழிந்து கிம் ஹோ இறந்தார்.
மகள் சியூ லிங் பினாங்கிலிருந்து வந்து
சுவருக்கு நீலம் அடித்தாள், மேசைகளை மாற்றினாள்,
பன்னிரண்டு பல்பு தொங்கவிட்டாள்.
அன்று சாயங்காலம் எல்லோரும் வந்தோம்.
உள்ளே போகவில்லை.
ஒருவர் முகம் ஒருவருக்கு
இவ்வளவு தெளிவாகத் தெரியுமா என்று
அஞ்சடியில் கூசி நின்றோம்.
லாரி கோதண்டம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அவள் எதுவும் கேட்கவில்லை.
பல்புகளை ஒவ்வொன்றாக அணைத்தாள்.
பதினொன்றாவது அணைந்ததும்
உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம்.
மறுநாள் குட்டைக்கால் மேசை திரும்பியது,
சிகரெட் பெட்டியோடு.

பிறகொரு நாள் அப்பாவின் 555 புத்தகங்களைக் கொண்டுவந்தாள்,
உள்ளங்கை அகலம், எண்ணெய் ஏறியவை.
அவருக்குத் தமிழ் எழுத வராது,
நம் பெயர்கள் சீனத்தில் அடங்காது.
பார்த்ததை எழுதியிருக்கிறார்.
அவள் படித்துச் சொன்னாள்:
மழைக்கு முந்தி வருபவன்.
பாட்டில் மூடியைப் பாக்கெட்டில் போடுபவன்.
இரண்டு பெண்டாட்டி, ஒரு சட்டை.
"பொய்யன், ஆனால் கொடுத்துவிடுவான்" என்றதும்
மூன்று பேர் எழுந்தார்கள்.

செத்தவர்கள் கணக்கும் இருந்தது.
"மஞ்சள் கண் பையன், நாற்பத்திரண்டு வெள்ளி."
கோடு கிழிக்கவில்லை,
பக்கத்தை மட்டும் மடித்திருந்தார்.
கோதண்டம் கச்சான் தோலை
வெகுநேரம் ஊதிக்கொண்டிருந்தார்.

"சுவரைப் பார்க்கிற அக்கா,
ஏழு வெள்ளி முப்பது காசு."
நான் கடனே வைத்ததில்லை என்றேன், கொஞ்சம் உரக்க.
"நீங்க இல்ல. அப்பா தரணும்.
சில்லறை இல்லைன்னு எழுதியிருக்கு.
பெரிய மழைன்னும் எழுதியிருக்கு."
கல்லாவைத் திறந்தாள்.
மூடச் சொன்னேன்.
அந்த வரியை அப்படியே விடு என்றேன்.

ஸ்டவுட் வந்தது.
நாற்காலி அதே பக்கம் பார்த்திருந்தது.
சுவர்தான் நீலம்.